நாலு முடிச்சுக் கயிறு

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற சாதாரணச் சணல் கயிறுதான். அதில் நாலு இடத்தில் முடிச்சு போட்டிருந்தது. அர்ச்சுனன் அதைத் தையல் மிஷின் மேல் வைத்தான். பக்கத்தில் அரக்குக் கலரில் உல்லன் நூல் உருண்டைகளையும் அடுக்கினான். மாணிக்கம்மாள் மிஷினை நிறுத்திவிட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"ஸ்வெட்டரு ஒண்ணு போடணும். பெங்களூர்லருந்து ஆபீசுக்கு வந்து போற ஒரு அம்மாவுக்கு. மொத முடிச்சு தோளு, ரெண்டாவது கை, மூணாவது ஒசரம், கடைசி மார்ச்சுத்து. மார்கழி பொறக்கறதுக்குள்ள வேணுமாம்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். காவலூர் டெலஸ்கோப்பு ஆபீசின் விருந்தினர் விடுதியில் அவன் சமையல்காரன். பத்து வருஷமாக எத்தனையோ பேருக்குப் பொங்கிப் போட்டிருக்கிறான். எவருக்காகவும் இதுவரை ஒரு கர்சீப்பு தைத்துத் தரச்சொல்லி வந்து நின்றதில்லை.

மாணிக்கம்மாளுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது, நேரத்துக்குத்தான் பஞ்சம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவள் ஆயா. காலையில் உலை கொதிக்கிற வரைக்கும் ஹெட்மாஸ்டரின் மப்ளர். பருப்பு வேகிற நேரம் என்ஜினியர் வீட்டுக் குழந்தைக்கு ஸ்வெட்டர். பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு போனபிறகு, இரண்டரை மணியிலிருந்து வெளிச்சம் மங்குகிற வரை மிஷின். அதில் செல்லியம்மாள் வீட்டுக் கல்யாணத்து ரவிக்கைகள் ஏழு. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பஸ் ஏறினால் கொக்கி வைப்பதும் ஓரம் தைப்பதும் வளைவுக்கு வளைவு நடக்கும். ஊசி குத்தாத விரல் அவளிடம் இல்லை.

எல்லாம் ஒரே மஞ்சள் பையில் இருக்கும். அவசரம் மேலே, பொறுக்கக்கூடியது கீழே. ஆக அடியில், பாச்சை உருண்டையோடு, சாம்பல் கலர் நூல் ஒன்று கிடந்தது. அது அவளுக்காக அவள் ஆரம்பித்த ஸ்வெட்டர். முதல் தடவை முதுகுப் பக்கம் முடிந்தபோது யாருக்கோ குழந்தை பிறந்து, பிரித்துக் குல்லாய் போட்டாயிற்று. இரண்டாம் தடவை ஒரு கை வரைக்கும் வந்து, ஒரு டீச்சருக்குக் காலுறையாகப் போயிற்று. மிச்சம் இருக்கிற நூல் இனி ஒரு பொம்மைக்குத்தான் காணும். அவளுக்கென்ன, குளிர் வந்தால் பழைய போர்வை ஒன்று இருக்கிறது. தனக்கு ரவிக்கை தைத்தால்கூட டேப்பைத் தொடமாட்டாள். பழைய ரவிக்கையைத் துணிமேல் விரித்துச் சுற்றிலும் வெட்டிவிடுவாள். ஊரிலுள்ள அத்தனை பெண்களின் அளவும் அவளுக்கு மனப்பாடம், தன்னுடையதைத் தவிர.

அந்தக் கயிறு அவளை உறுத்தியது. பெங்களூர் அம்மா எதற்குக் கயிற்றில் முடிச்சு போட்டு அனுப்புகிறாள்? குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் அளவை இஞ்சில் சொல்வார்கள், இல்லையென்றால் அளவு ரவிக்கை அனுப்புவார்கள். கயிற்றில் முடிச்சு போட்டனுப்புவது மலைக்காரர்கள் பழக்கம். டேப்பு இல்லாத ஊர்களிலிருந்து, சந்தைக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் இது பெங்களூர் உடம்பு இல்லை, இந்த மலை உடம்பு. அப்புறம் அந்தக் கலர். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் "எதுனா எடுத்துக்க" என்று கடைக்கு வெளியே பீடி குடிக்கிற ஆளுக்கு அரக்கு எங்கிருந்து வந்தது?

மூன்றாம் நாள் பதில் கிடைத்தமாதிரி இருந்தது. விடுதிக்குப் பின்னால் புளியமரத்தடியில் அர்ச்சுனனும் சுந்தரம்மாளும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுந்தரம்மாள் விடுதிக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் விறகு கொண்டு வருகிறவள். புருஷனை இழந்தவள், முப்பது வயசு இருக்கும். ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மாணிக்கம்மாளைக் கண்டதும் இருவர் வாயும் சேர்ந்தாற்போல மூடிக்கொண்டன. அவள் சத்தம் போடவில்லை. கையில் அளவு இருக்கும்போது வாயால் எதற்குச் சண்டை போடவேண்டும்?

மறுநாள் சுந்தரம்மாள் விறகுக்கட்டை இறக்கியதும், "துண்டுத் துணி ஒண்ணு கெடக்குது. உனக்கு ஜாக்கெட்டு தச்சுத் தர்றேன், நில்லு" என்றாள் மாணிக்கம்மாள்.

"எனக்கு எதுக்குக்கா? கல்யாணத் துணியே உன்னால முடிக்க முடியலன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"அண்ணன்தான்" என்றாள் சுந்தரம்மாள், வெகுளியாக.

அண்ணனாம். மாணிக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பைச் சுற்றினாள். மார்ச்சுற்று முப்பத்து மூன்று. வீட்டுக்கு ஓடிவந்து கயிற்றை அளந்தாள். முப்பத்து நாலு. ஓர் இஞ்சு இடித்தது. ஒரு நிமிஷம் மனசு லேசானது. அப்புறம் தொழில் தெரிந்த மூளை சும்மா இருக்கவில்லை. ஸ்வெட்டர் என்றால் ஓர் இஞ்சாவது தளர்வு விடவேண்டாமா? அதைச் சேர்த்தேதான் முடிச்சு போட்டிருக்கிறார்கள். சரியாகத்தான் இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

அதன்பிறகு அரக்கு நூல் பையின் மேலே வந்துவிட்டது. கல்யாண ரவிக்கைகளும் மப்ளரும் பின்னால் போயின. "இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று அர்ச்சுனன் தினமும் கேட்டான். கேட்கக் கேட்க அவள் விரல்கள் வேகமாக ஓடின. முதுகு அழகாக வந்தது, முன்பக்கம் அதைவிட அழகாக வந்தது. கைக்குழிக்கு வந்தபோதுதான் அவள் அதைச் செய்தாள். இரண்டு பக்கமும் கை நுழைகிற வாயை இரண்டிரண்டு இஞ்சு குறைத்துப் பின்னல் கண்ணிகளை மூடினாள். பார்த்தால் தெரியாது, போட்டாலும் உடனே தெரியாது. கையைத் தூக்கும்போது தெரியும். தலையில் விறகுக்கட்டைத் தூக்கி வைக்கும்போது நன்றாகவே தெரியும். பதினாறு வருஷத் தொழிலில் அவள் தெரிந்தே செய்த முதல் தப்பு அது. சுந்தரம்மாளின் ரவிக்கையை மட்டும், கடமைக்கென்று சொல்லிக்கொண்டே, ஒரு குறையுமில்லாமல் தைத்துக் கொடுத்தாள். கை கெட்டுப்போகக் கூடாதே.

கார்த்திகை இருபது வாக்கில் அர்ச்சுனன் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு போனான். பத்து நாள் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. மார்கழி முதல் தேதி காலையில், பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியாத நேரத்தில், பேப்பரில் சுற்றியதை அவள் மடியில் வைத்தான். அதே அரக்கு ஸ்வெட்டர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டதா?

"இன்னாங்க, அந்த அம்மாவுக்குப் புடிக்கலையா?"

"அந்த அம்மா நீதான்" என்றான் அர்ச்சுனன். "உனக்குன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பியா? அந்தச் சாம்பல் நூலாட்டம் பைக்கு அடியிலதான் கெடக்கும். அதான் பெங்களூர்னு புளுகினேன். கொடியில காயற உன் ஜாக்கெட்ட வச்சு முடிச்சு போட்டேன். கை நீளமும் ஒசரமும் மட்டும் நீ மிஷின் மேல சாஞ்சு தூங்கிக்கினு இருந்தப்ப புடிச்சேன்."

அவள் நம்பவில்லை. சமையல்காரனுக்குச் சமாளிக்கத் தெரியாதா? அவன் வேலைக்குப் போனதும் மிஷின் டிராயரிலிருந்து கயிற்றை எடுத்தாள். தோளில் வைத்தாள். கையோடு நீட்டினாள். கடைசியாக மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். கயிற்றின் நுனி கடைசி முடிச்சில் வந்து இடித்தது. ஓர் இஞ்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கயிற்றைப் பிடித்தபடியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தில் காது சுட்டது.

பிரித்துப் போடலாம். இரண்டு கைக்குழிதான், நாலு நாள் வேலை. ஆனால் ஏன் பிரிக்கிறாய் என்று அவன் கேட்பான். ஏழு கல்யாண ரவிக்கை காத்திருக்கிறது, மப்ளர் காத்திருக்கிறது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கையைத் தூக்காத வரைக்கும் கதகதவென்று இருந்தது.

சத்துணவுக் கூடத்து வாசலில் சுந்தரம்மாள் விறகோடு நின்றாள். ஸ்வெட்டரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டுக்கினியாக்கா! அரக்கு நான்தான் சொன்னேன். அக்கா நெறத்துக்கு எடுப்பா இருக்கும்னு. உங்கிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிக்கினாரு." அப்புறம் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தாள். "சரியா இருக்குதாக்கா?"

"சரியா இருக்குது" என்றாள் மாணிக்கம்மாள்.

சுந்தரம்மாள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விறகுக்கட்டைப் பிடித்து இறக்கினாள். மாணிக்கம்மாள் தைத்துக் கொடுத்த ரவிக்கை ஓரிடத்தில்கூட இழுக்கவில்லை. உலை வைக்க நேரமாகியிருந்தது. மாணிக்கம்மாள் மேல்தட்டிலிருந்த அரிசிப் படியை எடுக்கக் கையைத் தூக்கினாள். கை தோள் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"இருக்கா, நான் எடுத்துத் தர்றேன்" என்று சுந்தரம்மாள் எட்டினாள்.