வெர்லுக்குச் சேராத நன்றி

அமெரிக்காவின் ஐடஹோவில் பால்பண்ணை வைத்திருந்த வெர்ல் ஹோகன்சனும் மனைவி லடானும் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியத்துக்காக ஜாம்பியாவின் எண்டோலாவுக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வெர்ல் சபைக் கட்டடத்தின் குழாய்களைப் பழுதுபார்ப்பார். லடான் அங்குள்ள பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையில் புதிதாகச் சேர்ந்த சிலுஃப்யா, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து, அவ்வூர் வழக்கப்படி மரியாதையாக முழங்காலை மடக்கி வெர்லிடம் நீட்டினாள்.

“எங்களுக்காகச் சொந்தபந்தத்தையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கீங்க, பெரியவரே. கூடப்பிறந்தவங்களைப் பிரிஞ்சிருக்கிறது லேசா?”

வெர்ல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் அவர் கிழங்கைத் தொடவில்லை.

“சாப்பிடலையா?” என்று கேட்டார் லடான்.

“எங்க அண்ணன் டெல், ஞாபகம் போய், ‘நீ யாரு’ன்னு என்னையே கேட்டான். அந்த முகத்தைப் பாக்க முடியாமத்தான் ஊழியத்துக்குப் பேர் கொடுத்தேன். இவங்க என்னைத் தியாகின்னு நினைக்கிறாங்க.”

“உங்க அண்ணி ஆர்லீன் தலையில எல்லாத்தையும் போட்டுட்டு வந்தோம். நானும் பேசாமத்தானே பெட்டி கட்டினேன்?”

வெர்ல் அண்ணிக்குப் போன் போட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“அண்ணி, நான் ஓடி வந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

“அது தெரியாமலா இருக்கேன்?” என்றார் ஆர்லீன். குரலில் கோபம் இருந்தது. “அவரு முழிச்சிட்டுத்தான் இருக்காரு. பேசு.”

“யாரு?” என்றார் டெல்.

“உன் தம்பி வெர்ல்.”

“எந்த வெர்ல்?”

வெர்ல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் யாரென்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார்.