பதினான்காம் வார்டுக்கு அரைப் பக்கம்

"செத்துப்போன வார்டுக்கு அரைப் பக்கம் போதும் அக்கா. வளவளன்னு இழுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பிரண்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேலை வாங்கும்போது நான் அக்கா, லீவு கேட்டால் மேடம். மாநகராட்சிக்கு நூறு வயதாகிறது என்று மலர் போடுகிறார்கள். உயிரோடு இருக்கிற வார்டுகளுக்குக் கவுன்சிலர் படத்தோடு இரண்டு பக்கம். பதினான்காம் வார்டை இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் கலைத்து, பக்கத்து வார்டுகள் மூன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் படம் போட ஆளில்லை. ஆவண அறையில் குப்பை கொட்டுகிறவள் நான்தான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

வரைபடத்தில் அந்த வார்டு கிழிந்த சட்டைக்கை மாதிரி இருந்தது. நடுவில் ரயில் பாதை. இந்தப் பக்கம் நாலு தெரு, அந்தப் பக்கம் பஸ் டிப்போவும் தொழிலாளர் குடியிருப்பும். முப்பத்தெட்டு வருடம் உயிரோடு இருந்தது, ஏழு தேர்தல் பார்த்தது. முதல் கவுன்சிலர் முடிதிருத்துபவர். இரண்டு தெருக்குழாய் கொண்டுவந்தார். ஒன்று அவர் கடை வாசலிலேயே இருந்தது. அடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒரு நூலகம். அப்புறம் லாரி முதலாளி, கடைசிவரை அவரேதான், ஒரு ரோடு. அந்த ரோட்டைத் தோண்டி மறுபடி குழாய். வரலாறு என்றால் இவ்வளவுதான். இதற்கு அரைப் பக்கமே தாராளம்.

பின்னிணைப்பில் கடைசித் தேர்தலின் வாக்குச்சாவடி வாரியான பட்டியலைப் போடச் சொல்லியிருந்தார்கள். பழைய டைப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் சாவடியில் மொத்த வாக்காளர் முந்நூற்று எண்பத்தெட்டு. பதிவான ஓட்டு நானூற்று ஐம்பத்தொன்று. கள்ள ஓட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டாமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூலத் தாள்களின் கட்டைத் தேடிப் பிரித்தேன். ஒன்பது சாவடிக்கு ஒன்பது தாள். மூன்றாவதாக இருந்தது நாலாம் சாவடியின் தாள். அதற்குக் கீழேதான் மூன்றாம் சாவடி. யாரோ ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசை எண்ணையும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து மொத்த வாக்காளர் கணக்கையும் முதலில் அடித்துவிட்டு, தாளின் தலைப்பைப் பார்க்காமல் இருந்த வரிசையிலேயே ஓட்டுக் கணக்கை நிரப்பியிருக்கிறார்கள். கூட்டுத்தொகை சரியாகவே வந்திருக்கும். அதனால் யாரும் கேட்கவில்லை. பட்டியலின் அடியில் டைப் செய்தவரின் சுருக்கக் கையெழுத்து இருந்தது. என்னுடையது. 

சிவப்பு மையால் திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்தான். யார் ஜெயித்தார் என்பது இதனால் மாறவில்லை. ஆனால் எனக்குக் குடையம்மா ஞாபகம் வந்துவிட்டார்.

அவர் தையல்கடைக்காரர். அந்தத் தேர்தலில் குடை சின்னத்தில் லாரி முதலாளியை எதிர்த்து நின்று நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார். அவருடைய தம்பி அதே முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்று, ஓட்டு எண்ணும் அறைப் பக்கமே வரவில்லை. ஓட்டு மட்டும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அறையில் அக்காவுக்கு ஆளே இல்லை. மறுவாரம் எங்கள் அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டியதும் வந்தார். அவர் தெரு மூன்றாம் சாவடி. அங்கே குடைக்கு ஆறு ஓட்டு. அவர் வீட்டில் மூன்று பேர், தம்பி வீட்டில் எட்டுப் பேர். ஆறின் மேல் விரலை வைத்தபடியே என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இது சரிதானா?" என்று கேட்டார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கூட்டிப் பாத்தாச்சுங்க, சரியா இருக்கு" என்றேன்.

அதன் பிறகு நடந்தது வார்டு முழுக்கத் தெரிந்த கதை. அப்பா விட்டுப்போன வீடு, நடுவில் ஒரு கதவு, இந்தப் பாதி அக்கா, அந்தப் பாதி தம்பி. அக்கா கொத்தனாரைக்கூடக் கூப்பிடாமல் தன் பக்கத்திலிருந்து தானே செங்கல் அடுக்கிக் கதவை அடைத்தார். தம்பி தலையிலடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. நாலாம் சாவடியில் நூற்று எண்பத்தேழு ஓட்டு விழுந்திருக்கிறதே, அவர்கள்தான் என் ஜனம் என்று கடையையும் குடித்தனத்தையும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

மூலத் தாள்களை நகலெடுத்துக்கொண்டு மறுநாள் காலை போனேன். மாத்திரைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. இரண்டு மெஷின், ஆணியில் தொங்கும் பள்ளிச் சீருடைகள், கழுத்தில் அளவு டேப்போடு குடையம்மா. முடி முழுக்க வெளுத்திருந்தது. ஒரு பெண் ரவிக்கை அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். வார்டு வரலாறு எழுதுகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எழுது, நல்லா எழுது. கூடப் பொறந்தவன் கைய விட்டான், இந்த ஜனங்க கைகொடுத்தாங்கன்னு எழுது."

"பின்னே? எங்க வீட்டுல எல்லாருமே குடைக்குத்தான் குத்தினோம்னு எங்க மாமியார் சொல்லிட்டே இருப்பாங்க" என்றாள் அந்தப் பெண்.

 நான் நகல்களை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்றாம் சாவடி, குடை, நூற்று எண்பத்தேழு. நாலாம் சாவடி, குடை, ஆறு. ஒருமுறை தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்டுல மொத்தம் எத்தன ஓட்டுடி?"

"ஏழுக்கா."

குடையம்மா டேப்பை எடுத்து அவள் கையளவை முடித்து, எழுதிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். அவள் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"டைப் அடிச்சது யாரு?"

"நான்தான்கா. அன்னிக்கு நீங்க வந்து கேட்டப்போ பதில் சொன்னதும் நான்தான்."

"அடிப்பாவி" என்றார். சத்தம்கூட உயரவில்லை. "ஒரு நிமிஷம் எடுத்துப் பாக்க உனக்கு என்ன கொள்ளை?"

  அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டார். அவன் பெண் கல்யாணத்துக்குப் போகவில்லை என்றார். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன் என்றார். புருஷன் சொன்னாரே, புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதே என்று, அவர் பேச்சையும் கேட்கவில்லை என்றார். எல்லாவற்றையும் மெஷினைப் பார்த்தே சொன்னார். அப்புறம் எழுந்து ஷட்டரை இழுத்தார்.

"வா. நான் சொன்னா அவன் நம்புறானோ என்னமோ. நீ சொல்லு."

ரயில் பாதையைத் தாண்டி கால்மணி நேர நடை. இப்போது அந்தப் பக்கம் பதினாறாம் வார்டு, இந்தப் பக்கம் பதிமூன்று. வழியில் இரண்டு பேர் "என்ன குடையம்மா, இந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தம்பி முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்ததில் பேப்பர் மடியிலிருந்து சரிந்தது. வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. குடையம்மா என் முழங்கையை இடித்தார். நான் சொன்னேன், தாளைக் காட்டி, எண்ணைக் காட்டி, என் கையெழுத்தைக் காட்டி. அலுவலகத்தில் சொல்கிற மாதிரியே சொல்லி முடித்தேன்.

"அன்னிக்கே சொன்னேன்" என்றார் அவர்.

"சொன்னேடா" என்றார் குடையம்மா.

அவ்வளவுதான் பேச்சு.  பிறகு தம்பி உள்ளறைக்கு நடந்தார், அக்கா பின்னாலேயே போனார், போவதா வேண்டாமா என்று தெரியாமல் நானும் போனேன். நடுச்சுவரில் அந்தப் பழைய கதவு அப்படியே இருந்தது. அதன்மேல் நாள்காட்டிகூட மாட்டியிருக்கவில்லை. முன்னால் ஒரு சாமானும் இல்லை. அவர் தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் செங்கல், பூச்சு இல்லாமல், வரிசை கோணலாக, அவசரத்தில் அடுக்கியது.

குடையம்மா செங்கல்லைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைப் பிடித்து முன்னும் பின்னும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். சத்தமே வரவில்லை. விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றார்.