ஒற்றை இருமல்

எங்கள் கம்பளக் கடையில் ஒரு முறை இருமினால் ‘ஒத்துக்கொள்ளாதே’ என்று பொருள். இரண்டு முறை இருமினால் ‘முடித்துவிடு’. அக்காவும் நானும் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட்டோம். வாங்க வந்தவர் எதிரில் நிற்கும்போது காதைக் கடிக்க முடியாது, இருமலாம். இருமலுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நல்ல மனசுக்காரராக இருந்தால் தண்ணீர் குடிக்கச் சொல்வார்.

அக்கா கம்பள வியாபாரத்தில் நிற்கவில்லை. கட்டடக் கூரைகளில் ஏறி விரிசல், ஒழுக்கு, தளர்ந்த தகடு எல்லாவற்றையும் கண்டுபிடித்து அறிக்கை எழுதும் வேலைக்குப் போனாள். பத்தொன்பது வருடம் ஏணியிலேயே குடித்தனம். போன வருடம் உட்காதில் ஏதோ கோளாறு வந்து, நின்ற இடத்தில் தலை சுற்ற ஆரம்பித்தது. “இனிமே நாற்காலி மேலகூட ஏறாதீங்க,” என்றார் டாக்டர். கம்பெனி அவளைத் தொலைபேசி எடுக்கும் மேசையில் உட்காரவைத்தது. அப்புறம் ஒரு ட்ரோன் வாங்கியது.

மேனேஜர் கெட்டவர் இல்லை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “இந்த மாசக் கடைசிக்குள்ள ட்ரோன் ஓட்டுற சான்றிதழ் வாங்கிட்டா நீங்கதான் மறுபடி இன்ஸ்பெக்டர். இல்லைன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன். பயப்படாதீங்க, ஃபோன் மேசை உங்களுக்கு எப்பவும் இருக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைத் தின்றது.

சான்றிதழுக்கான அடிப்படை அறிவுத் தேர்வுக்கு நாற்பது கேள்வி. முப்பது சரியாக இருக்கவேண்டும். முதல் தடவை இருபத்தெட்டு. இரண்டாம் தடவை இருபத்தொன்பது. மூன்றாவதும் போனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாதக் கடைசிக்கு இருந்ததோ பதினோரு நாள். அப்போதுதான் அவள் என் கடைக்கு வந்தாள். ஒரு கத்தைத் தாளை எடுத்துக் கல்லாப் பெட்டி மேல் போட்டாள்.

“நீ ஆளைப் பாத்தே புளுகைக் கண்டுபிடிப்பே இல்ல? நான் எங்க தப்பு பண்றேன்னு கண்டுபிடி.”

அவள் எழுதிய மாதிரித் தேர்வுகள். காற்று, மேகம், பேட்டரி, அடுத்தவர் வீட்டுக்குள் கேமராவை நீட்டக்கூடாது என்பது, எல்லாம் சரி. தப்பானவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எண் வரும் கேள்விகள்.

“அதிகபட்சம் எவ்வளவு உயரத்துல பறக்கலாம்? ஐம்பது, நூறு, நூத்திருபது, நூத்தம்பது மீட்டர்.”

“நூறு.”

“புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“நூத்திருபது.”

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் நூறு சொல்றே?”

அக்கா தாளை விரலால் தட்டினாள். “சட்டம் போட்டவன் நூத்திருபதுன்னு ஆரம்பிக்கிறான்னா, நூறுக்குப் படியும்னு தோணுதுடா.”

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

“அக்கா, சட்டம் ஒரே விலைக் கடை.”

“ஒரே விலைக் கடையில நம்ம குடும்பம் என்னைக்குடா வாங்கியிருக்கு?”

பதினோரு நாளும் சாயங்காலம் வந்தாள். நான் எண்ணைச் சொல்வேன், அவள் ஒரு மீட்டர் கூட்டாமல், ஒரு கிராம் குறைக்காமல் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “சொன்ன விலைக்கே எடுக்கிறது உடம்பெல்லாம் கூசுதுடா,” என்பாள். ஒன்பதாம் நாள் மாதிரித் தேர்வில் முப்பத்து மூன்று வந்தது. பத்தாம் நாள் மறுபடி இருபத்தொன்பது. அன்று காபியைக்கூடத் தொடாமல் போனாள்.

தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். ஆனால் அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, பேச்சு கேட்கக்கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அத்தானோ ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். என் கடையின் பின்னறையைக் கேட்டாள். சுற்றிலும் கம்பளம் சுருட்டி நிறுத்திய அறை. கம்பளம் சத்தத்தைக் குடித்துவிடும்.

மாதத்தின் கடைசி நாள் காலை பத்து மணி. உள்ளே அக்கா மடிக்கணினியைத் தூக்கி நான்கு சுவரையும், மேசைக்கு அடியையும், தன் இரண்டு காதையும் கேமராவுக்குக் காட்டியது கதவிடுக்கு வழியே தெரிந்தது. கதவைச் சாத்தினேன். ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, ‘தேர்வு நடக்கிறது, பேசாதீர்கள்’ என்று தாளில் எழுதி ஒட்டினேன். கைபேசியை அணைத்தேன். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். பிறந்ததிலிருந்து நான் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததில்லை; தூக்கத்திலும் பேரம் பேசுவேன் என்று என் மனைவி சொல்வாள்.

பத்தே கால். உள்ளே கணினிச் சுட்டியின் ‘டிக்’ ஒன்று. நீண்ட அமைதி. இன்னொரு ‘டிக்’.

பத்து முப்பத்தாறுக்கு ஷட்டருக்கு அடியில் ஒரு வழுக்கைத் தலை நுழைந்தது. அடுத்த தெருப் பல் டாக்டர். கிளினிக்கில் போட ஒரு நீலக் கம்பளத்தை நாலு மாதமாக வாரம் ஒருமுறை வந்து பேரம் பேசுகிறவர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், என் வாய் மூடியிருந்ததைப் பார்த்துத் திகைத்தார். தாளைக் காட்டினேன். படித்தார். தலையாட்டினார். ஆனாலும் போகவில்லை.

“பேசவே மாட்டேன்,” என்று கிசுகிசுத்தார். “அந்த நீலம். போன வாரம் நான் கேட்ட விலைக்கே தர்றீங்களா?”

போன வாரம் அந்த விலையைக் கேட்டுவிட்டு நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். இப்போது ஆள் தொலைந்தால் போதும். சரி என்று தலையாட்டினேன்.

அதுதான் நான் செய்த முட்டாள்தனம். நாலு மாதம் இறங்காதவன் ஒரே தலையாட்டலில் இறங்கினால் எந்த மனிதன் வாங்குவான்? டாக்டரின் கண் சுருங்கியது.

“ஏன் உடனே ஒத்துக்கிறீங்க? கம்பளத்துல என்ன கோளாறு?”

இல்லை என்று கையை ஆட்டினேன். அவருக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. நான் எழுந்து பிடிப்பதற்குள் நீலக் கம்பளத்தைச் சுவரிலிருந்து சாய்த்து, நூல் போயிருக்கிறதா என்று விரித்து, அடிப்புறத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். நாலு மாதத் தூசி ஒன்றாக எழும்பியது.

மூக்கைப் பிடித்தேன். வாயைப் பொத்தினேன். கம்பள ஓரத்தையே வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. தொண்டையில் ஊர்ந்தது ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. கடைசியில் ஒன்றே ஒன்று வெளியே வந்துவிட்டது.

ஒற்றை இருமல்.

கடிகாரம் பத்து முப்பத்தொன்பது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒரு ‘டிக்’.

நாற்பது வருடமாக அந்த ஒற்றை இருமலுக்கு அவள் பணியாமல் இருந்ததே இல்லை. சரியான விடைமேல் கை வைத்திருந்தால் இந்நேரம் எடுத்திருப்பாள். தேர்வு கண்காணிப்பவர்களுக்கும் கேட்டிருக்குமா? உள்ளேயிருந்து சத்தமே இல்லை. ஐந்து விநாடி. பத்து விநாடி. இன்னொரு ‘டிக்’.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கம்பளத்தைப் பார்த்தார். “அப்புறமா வர்றேன்,” என்று கிசுகிசுத்துவிட்டு, தீப்பிடித்த கடையிலிருந்து போவது போலக் குனிந்து வெளியேறினார்.

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அக்கா கதவைத் திறந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“உள்ள வா. உன்னைக் கூப்பிடுறாங்க.”

திரையில் ‘31/40’ என்று இருந்தது. கத்தப் போனேன். அதற்குக் கீழே சிவப்பில் இருந்ததையும் படித்தேன்: ‘வேற்று ஒலி பதிவாகியுள்ளது. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’ ஓரத்துச் சதுரத்தில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து முப்பத்தொன்பதுக்கு ஒரு இருமல் கேட்டுச்சு. யார் அது?”

இந்த மாதிரி நேரத்துக்கென்றே பிறந்தவன் நான். “மேடம், வணக்கம். இந்தக் கட்டடத்துல சுவர் ரொம்ப மெல்லிசு. பக்கத்துக் கடைப் பெரியவருக்கு இழுப்பு நோய், பாவம், காலையில வந்துடுச்சுன்னா...”

அக்கா இருமினாள். ஒரு முறை.

என் வாய் தானாக மூடிக்கொண்டது.

“இப்ப நீங்க இருமுறீங்க,” என்றார் அந்த அம்மாள்.

“ஆமா மேடம். இவனை வாயை மூடச் சொன்னேன். இவன் என் தம்பி. அப்ப இருமினதும் இவன்தான், தூசியில. எங்க குடும்பத்துல ஒரு இருமல்னா ‘ஒத்துக்காதே’ன்னு அர்த்தம். அது எனக்கும் கேட்டுச்சு.”

கொள்முதல் விலையோடு மொத்தச் சரக்கையும் வாசலில் கொட்டிவிட்டாள். ஃபோன் மேசையும், அதன் மேல் குனிந்த அவள் தலையும் கண் முன்னால் வந்தன. அந்த அம்மாள் எதையோ தட்டினார், படித்தார், மறுபடி தட்டினார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள், விரல்நகம் வெளுத்திருந்தது.

“அந்த நேரத்துல நீங்க முப்பத்து நாலாவது கேள்வியில இருந்தீங்க. உயரம். நூத்திருபது அழுத்தியிருக்கீங்க. இருமல் வந்ததும் நூறுக்கு மாத்தியிருக்கீங்க.”

“ஆமா.”

“பதிமூணு விநாடி கழிச்சு மறுபடி நூத்திருபது.”

“ஆமா.”

“ஏன்?”

“இவன் சொன்னா கேக்கிறது பழக்கம், கை போயிடுச்சு. அப்புறம்தான் இது கம்பளம் இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு. இவனுக்குக் கம்பளம்தான் மேடம் தெரியும். வானத்துல இவன் சுத்த பூஜ்யம்.”

அந்த அம்மாளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே நேரானது. “உங்க தம்பி சொன்ன கதையோட நீங்க நின்னிருந்தீங்கன்னா ரத்து பண்ணியிருப்பேன். ஆனா சைகை வந்த கேள்வியை நான் கணக்குல எடுத்துக்க முடியாது. அந்த ஒரு மதிப்பெண் போகும். ஒத்துக்கிறீங்களா?”

சரியாக எழுதிய விடை. இருமலை மீறி எழுதிய விடை. அதற்கு மதிப்பெண் இல்லையாம்! என் நாக்கின் நுனியில் எட்டு வாதம் வரிசையில் நின்றன. அரை மதிப்பெண்ணாவது கேட்கலாம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒத்துக்கிறேன்.”

அந்த அம்மாள் பல் டாக்டர் மாதிரியே கண்ணைச் சுருக்கினார். “வேணும்னா யோசிச்சுச் சொல்லுங்க. முறையீடு பண்ண வழி இருக்கு.”

“யோசிச்சாச்சு மேடம். நீங்க சொன்னபடியே.”

சிவப்பு எழுத்து மறைந்தது. சக்கரம் சுற்றியது. அது சுற்றி முடிவதற்குள் எனக்கு இன்னும் கொஞ்சம் நரைத்திருக்கும். ‘30/40. தேர்ச்சி.’

சதுரம் அணைந்த பிறகுதான் அக்கா மேசையிலிருந்து கையை எடுத்தாள். என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“பக்கத்துக் கடையில ஏதுடா பெரியவர்? அங்க சாவி வெட்டுற பொண்ணுதானே இருக்கு?”

“இழுப்பு யாருக்கு வேணா வரும்.”

அவள் மேனேஜருக்கு ஃபோன் போட்டாள். மணி அடிக்கும்போது எழுந்து நின்றாள். தலை சுற்றியிருக்க வேண்டும், ஒரு கையால் சுருட்டிய கம்பளத்தைப் பிடித்துக்கொண்டாள். “வாங்கிட்டேன் சார்... ஆமா, இப்பத்தான்... கிடங்குக் கூரையா? நாளைக்கேவா?” கொஞ்சநேரம் கேட்டாள். “காலையில ஏழு மணிக்கா?”

ஏழு என்றால் எட்டரைக்குப் படியும். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி சார். ஏழு,” என்றாள் அக்கா.