பின்னால் வருகிறவன்

"தனியாவா வர்றீங்க?" என்று யார் கேட்டாலும் தேவசகாயத்திடம் ஒரே பதில்தான். "ஃப்ரெண்டு பின்னாடி வர்றான்." தனி ஆள் என்று தெரிந்தால் வழியில் ஆபத்து. கன்னியாகுமரி வரை சைக்கிளில் போய்த் திரும்பும் இந்தப் பதினேழு நாளில் நூறு தடவை சொல்லியிருப்பான். சொன்னதும் ஒருமுறை திரும்பியும் பார்ப்பான்.

சிதம்பரத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். 2006 மே மாத உச்சி வெயில். பின் டயர் கிழிந்துவிட்டது. பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண் இருட்டிய நேரத்தில் ஒரு மீன் லாரி வந்து நின்றது.

டிரைவர் தண்ணீர் கொடுத்தார். "கடலூர்தான் போறேன், ஏறிக்க தம்பி. தனியாவா வந்த?"

வாய் தானாகச் சொன்னது. "ஃப்ரெண்டு பின்னாடி வர்றான்."

"அப்ப அவுரும் வரட்டும். இந்த வெயில்ல உட்டுட்டுப் போவ முடியுமா?" டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

இருபது நிமிடம் போனது. சாலையில் கானல் மட்டும் நெளிந்தது. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டத் தொடங்கியது.

"இன்னாய்யா, ஒன் ஆளு ஆமை மேல வர்றாரா? எந்த ஊரு அவுரு?"

"தேவனாம்பட்டினம். பேரு அன்பரசு. ரெண்டு பேரும் சேந்து வர்றதாதான் பிளான் போட்டோம்." தேவசகாயம் சொட்டும் ஐஸைப் பார்த்தான். "சுனாமில போய்ட்டாண்ணே."

டிரைவர் சைக்கிளைத் தூக்கிப் பெட்டிகள் மேல் படுக்கவைத்தார்.

சிதம்பரத்தில் டீக்கடைக்காரர் லாரியை எட்டிப் பார்த்தார். "சைக்கிள்லியா வந்தீங்க? தனியாவா?"

டிரைவர் டீயைக் குடிக்காமல் அவன் முகத்தையே பார்த்தார்.

"ஆமாங்க," என்றான் தேவசகாயம். "தனியாத்தான்."