தென்கிழக்கு வாசல்

ராய்ஸ் டார்ப்லிக்குக் காற்று என்றால் பைத்தியம். டெக்சாஸ் வெயிலில் நியூயார்க் மோஸ்தர் மாளிகை கட்டி உள்ளே வெந்து சாகிறவர்களைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் டெக்சாஸ் மலைப்பக்கத்தில் வந்து குடியேறிய ஜெர்மன் குடியானவர்கள் கட்டிய பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளை ஒன்று விடாமல் அளந்து வரைந்தார். தடித்த சுவர், தகரக் கூரை, காற்றுக்கு முகம் கொடுத்த தாழ்வாரம் என்று அதே ரீதியில் புது வீடுகள் கட்டினார். பட்டணத்துக் கட்டடக் கலைஞர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு காப்பியடித்தார்கள்.

அளக்கப் போன ஒரு வீட்டில்தான் அல்வீனாவைப் பார்த்தார். கல்யாணம் முடிந்து அந்த வீட்டையே புதுப்பித்துக் குடியேறினார்கள். ஒன்று மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. தென்கிழக்குச் சுவரில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே, கல் வைத்து அடைத்த ஒரு வாசல்.

“நல்ல காத்து வர்ற ஒரே பக்கத்தையும் அடைச்சு வச்சிருக்காங்களே. உங்க ஆளுங்களுக்கு மூளையே கிடையாதா?”

“அதுல கை வைக்காதீங்க,” என்றாள் அல்வீனா. “எங்க வீட்டுல செத்தவங்களை அது வழியாத்தான் தூக்கிட்டுப் போவாங்க. போனதும் கல்லு வச்சு அடைச்சிடுவாங்க. அவங்களுக்குப் போன வழியாத்தானே திரும்பி வரத் தெரியும்?”

அவர் சிரித்தார். ஆனாலும் அவளுக்காக விட்டுவிட்டார்.

மூன்றாவது குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. முன்வாசலில் காரை நிறுத்தி, போர்வையோடு தூக்கி உட்கார வைத்து, சான் அன்டோனியோ ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அங்கேயே போய்விட்டாள் பாவி. அங்கிருந்தே கல்லறைக்கும் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு கோடு வரையவில்லை. அந்தச் சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கடப்பாரையை எடுத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தான் அல்வீனாவின் அண்ணன் எமில்.

“அதைக் கீழ போடுங்க மாப்பிள்ளை.”

“உன் தங்கச்சி திரும்பி வந்தா வேண்டாம்பியா?”

“நான் ஏன் வேண்டாங்கறேன்? ஆனா அவ...”

“போ எமில். உன் வேலையைப் பார்.”

அவனைப் பேசவிடாமல் வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார். கடைசிக் கல்லும் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆசைப்பட்ட காற்று ஜில்லென்று உள்ளே வந்தது. அவளுடைய தட்டை மேசையில் வைத்து, நாற்காலியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

முதலில் ஈரமண் வாடை. பிறகு ஒரு நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. தாடியில் மண் ஒட்டிய கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடுத்து கைக்குழந்தையோடு ஒருத்தி. அப்புறம் இன்னும் பலர். ராய்ஸுக்குப் பயமே தோன்றவில்லை, ஒவ்வொரு முகத்திலும் அவளைத்தான் தேடினார். கடைசியில் பின்னலில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சிறுமி வந்தாள். பிறகு யாரும் வரவில்லை.

“அல்வீனா எங்கம்மா?” என்று கேட்டார்.

“அவங்க இந்த வழியாப் போகலையே மாமா,” என்றாள் சிறுமி. “நீங்கதானே கார்ல கூட்டிட்டுப் போனீங்க?”

அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். அல்வீனாவின் நாற்காலியைத் தவிர எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. சிறுமி ஈரப் பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

“வாசலை அடைச்சிடுங்க மாமா, குளிருது. நாங்க எல்லாரும் வந்துட்டோம்.”