கடைசிக்கு முன்னால் நிறுத்து

மேட்சல் சாலைப் பார்சல் கொட்டகையின் வாசலில் ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள். முன்பெல்லாம் மேஸ்திரி ஓதேலு தொண்டை கிழியப் பெயர் வாசிப்பான். இப்போது கம்பத்தில் ஒரு டிவி. அதில் பெயர் வந்தவர் உள்ளே போய், பெல்ட்டில் வரும் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். வராதவர் வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்குக் கூலி இல்லை.

டிவி மாட்டிய அன்றே இரண்டு பெயர்கள் வரவில்லை. ஒருவர் ஸ்ரீதர் ராவ், முதலாளியின் மைத்துனர். கொட்டகை திறந்த அன்று சேர்ந்ததால் வரிசையில் முதல் ஆள். அவர் ஒரு பார்சலைத் தூக்கியதாக எதிரிகூடச் சொல்லமாட்டான். மற்றவள் லச்சவ்வா. கடைசியாகச் சேர்ந்ததால் கடைசிப் பெயர்.

ஸ்ரீதர் ராவ் தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா முதலாளிக்குப் போட்டாள். முதலாளி மாடிக்கு ஏறி, டிவிக்கு நிரல் எழுதிய பிரணீத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

தப்பு அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் எழுதும் மொழியில், பட்டியலிலிருந்து ஒரு துண்டை எடுக்க, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் கொடுத்தால் போதும். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். ஆகவே முதல் எண்ணாக ஒன்று என்று போட்டால் முதல் ஆள் விடுபடுவார். இரண்டாவது எண்ணாகக் கழித்தல் ஒன்று என்று போட்டால் கடைசி ஆளுக்கு முன்னால் நின்றுவிடும். ஒரு அரிசி ஆலைக்காக முன்பு எழுதிய வரி அது. அங்கே பட்டியலின் தலையில் தலைப்பு, காலில் மொத்தம். இரண்டையும் வெட்ட வேண்டியிருந்தது. அதே வரியை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருந்தான். இங்கே தலையிலும் காலிலும் ஆட்கள் இருந்தார்கள்.

முதல் எண்ணைச் சுழியமாக்கினான். டீ ஆறுவதற்குள் ஸ்ரீதர் ராவின் பெயர் டிவிக்கு வந்துவிட்டது. இரண்டாவது எண்ணில் கைவைக்கப் போனபோது முதலாளி தடுத்தார்.

"அத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். ஆனா..."

"ஓடுறத நோண்டாதப்பா."

கீழே இதெல்லாம் யாருக்கும் தெரியாது. லச்சவ்வா ஓதேலைச் சந்தேகப்பட்டாள். அவனுடைய டிபன் கேரியரைக் கழுவ மாட்டேன் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். ஓதேலு ரேணுகா எல்லம்மா மேல் சத்தியம் செய்தான். அதோடு சந்தேகம் உறுதியாகிவிட்டது. பெயர் வாசிக்கும் வேலை போன பிறகு அடுத்தது தான்தான் என்று ஓதேலு மாடியைச் சந்தேகப்பட்டான். மற்றவர்கள் லச்சவ்வாவையே சந்தேகப்பட்டார்கள். மெஷின் சும்மா ஒருத்தியை ஒதுக்குமா? எதையாவது எடுத்து மடியில் கட்டியிருப்பாள். வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் சுஜாதா, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒருத்தி டிவிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். அன்றைக்குப் படம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. லச்சவ்வாவின் பெயர் மட்டும் இல்லை.

வாடகை நின்றது. வீட்டுக்காரர் முதலில் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். பிறகு கழிப்பறையைப் பூட்டினார். அடுத்துப் பூட்ட அவளுடைய அறைதான் பாக்கி.

டீக்கடையில் ஒருநாள் பிரணீத் கிளாஸைப் பார்த்தபடி அவளிடம் பேசினான்.

"பெரியம்மா, உங்களுக்குப் பின்னால ஒரு பேர் இருந்துச்சுன்னா உங்க பேர் வந்துரும்."

"அப்ப அந்தப் பேரு?"

"அது வராது."

"யாரு வயித்துல அடிக்கச் சொல்ற தம்பி? இதுல உனக்கு என்ன கெடைக்குது?"

அவன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். அதையும் அவள் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டாள். ஆனாலும் போய் ஓதேலிடம் சொன்னாள். புது ஆள் எடுக்க முதலாளி விடமாட்டார் என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆளு வேணும்னானா, பேரு வேணும்னானா?"

"பேருன்னுதான் சொன்னான்."

இருவரும் சேர்ந்தாற்போல் வாசலைப் பார்த்தார்கள். அங்கே பத்ரய்யா படுத்திருந்தது. லச்சவ்வாவின் சோள ரொட்டியில் வளர்ந்த நாய். அவளுடைய சாபத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று ஓதேலு அதை, ஆட்களின் முகத்தைப் பதியும் வாசல் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தான். மெஷின் பார்த்தது, சற்று யோசித்தது, ஏற்றுக்கொண்டது. வயதுக்கு ஓதேலு தன் வயதையே போட்டான்.

மறுநாள் டிவியில் லச்சவ்வாவின் பெயர் வந்தது. பத்ரய்யாவின் பெயர் வரவில்லை. அதற்கு அதில் வருத்தமும் இல்லை. தசரா வந்தது, பார்சல்கள் குவிந்தன, லச்சவ்வாவின் உள்ளங்கை ஒட்டுநாடா உரசி வெடித்தது. வீட்டுக்காரர் கழிப்பறையைத் திறந்தார், பிறகு குழாயைத் திறந்தார். சுஜாதா மட்டும் பையைப் பழைய தோளுக்கு மாற்றவில்லை.

பிரணீத்துக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. போவதற்கு முன், உறுத்திக்கொண்டிருந்த அந்த வரியைத் திறந்து இரண்டாவது எண்ணை அழித்தான். அங்கே ஒன்றுமில்லாவிட்டால் கடைசிவரை எடு என்று அர்த்தம். மனம் லேசாகி இறங்கிப் போனான்.

காலையில் டிவியில் லச்சவ்வா, அவளுக்குக் கீழே பத்ரய்யா. பெல்ட்டில் இருக்கும் இடங்களைவிட ஒரு பெயர் அதிகம் என்பதை முதலாளி பார்த்தார். வருகை குறைந்தவர் யார் என்று மெஷினைக் கேட்டார். காலையும் மாலையும் வாசல் கேமராவில் தெரிகிறவர்களை அது எண்ணி வைத்திருந்தது. பெயர் வராத நாட்களில் லச்சவ்வா காலையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். மாலையில் இல்லை. ஸ்ரீதர் ராவின் வருகையை எண்ண வேண்டாம் என்று மெஷினுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். பத்ரய்யா ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

முதலாளி ஓதேலுக்குப் போன் செய்தார்.

"யாருய்யா பத்ரய்யா? ஆளு எப்படி?"

ஓதேலு லச்சவ்வாவைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும்.

"வாசல விட்டு நகர மாட்டான் சார்."

"அந்த மாதிரி நாலு பேரு வேணும்யா."

லச்சவ்வாவின் பெயர் டிவியிலிருந்து மறைந்தது. ஆட்கள் உள்ளே போனார்கள். சுஜாதா பையைப் பழைய தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஓதேலு நீல ஏப்ரனைத் திருப்பி வாங்கினான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெயில் ஏறியது. கம்பத்தின் ஒற்றை நிழலில் அவள் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தாள். பத்ரய்யா வந்து பக்கத்தில் படுத்தது. ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அதற்குப் போட்டாள். தலைக்கு மேலே கேமரா மெல்லத் திரும்பி இருவரையும் பார்த்தது. டிவியில் பத்ரய்யாவின் பெயருக்கு நேரே ஒரு பச்சைக் குறி விழுந்தது.