மணிக்கு இரண்டரை மைல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில், செயின்ட் ஒடில் படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு நடந்து போன கேப்டன் கிளெட்டஸ் லாம்பரூரின் பின்னால் பதினொரு சால்மன்களும் இரண்டு டிரவுட்டுகளும் காற்றில் நீந்திப் போயின. தரையிலிருந்து முழங்கால் உயரம். அவருக்கும் முதல் மீனுக்கும் நடுவே ஒரு லாரி நிற்கும் இடைவெளி. சாலை சருகாகக் காய்ந்து கிடந்தது. அன்று சீஸ் பவுண்டு இரண்டு டாலர், டீசல் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. தபாலாபீஸ் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து குரைப்பதற்கு வாயைத் திறந்து, எதைப் பார்த்துக் குரைப்பது என்று பிடிபடாமல், மறுபடி மூடிக்கொண்டது. கிளெட்டஸ் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் எல்லோரும் தன்னையே வாயைப் பிளந்து பார்ப்பது தனக்குத் தரும் மரியாதை என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிக்கொண்டே போனார்.

அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. மிச்சிகன் ஏரியின் இந்தக் கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சால்மன் பிடிக்கப் போகும் கேப்டன்கள் இருபது பேர் இருந்தாலும், தங்கச் சரிகை வைத்த தொப்பி அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதைத் தபாலில் வரவழைத்துத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவர் அவர். கூடவே ‘கொமடோர்’ என்ற கடற்படைப் பட்டமும் வந்தது. அது எந்தத் தபாலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் மாத மீன்பிடிப் போட்டிக்கு அவர்தான் தலைவர், ஏனென்றால் மற்றவர்களுக்குக் கூட்டத்தில் உட்காரப் பொறுமையில்லை. போட்டிகளில் வாங்கிய பதக்கங்களையெல்லாம் கோட்டில் குத்திக்கொண்டு அவர் நடந்தால், மினுக்குத் தகடுகள் மாட்டிய தூண்டில் பெட்டி ஒன்று கால் முளைத்து வருவதுபோல் இருக்கும் என்று அவர் மனைவி வெர்னாவே சொல்வாள்.

இரும்புக்கடை வாசலில் பூட்ஸ் கயிறு அவிழ்ந்தது. கட்டுவதற்காகக் கிளெட்டஸ் நின்றார், குனிந்தார். அவ்வளவுதான். கூட்டத்தில் பெரிய மீன், முப்பது பவுண்டுக்குக் குறையாத கிங் சால்மன், ஒரே பாய்ச்சலில் வந்து அவர் பின்பக்கத்துப் பையைக் கவ்வியது. பையும் அதையொட்டிய துணியும் மீனோடு போயின. கிளெட்டஸ் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே விழுந்து கிடந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி பாய்வதற்கு மீன்கள் வளைந்து திரும்பின. எதிர்ச் சாரியிலிருந்து ஹார்லன் ஸ்டோட்கா, அவரும் கேப்டன்தான், கிளெட்டஸுக்கு முப்பது வருஷத்துப் போட்டியாளர், கையிலிருந்த காபியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: “நிக்காதய்யா! நட! அதே ஸ்பீடுல நட!”

மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தப் புத்தி தோன்றியிருக்காது. இங்கே தோன்றியது, ஏனென்றால் இந்த ஊரின் பிழைப்பே அது. படகை மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நகர்த்தி, பின்னால் தூண்டில் முள் கோத்த மினுக்குத் தகடுகளை இழுத்துக்கொண்டு போவார்கள். ஆழத்தில் மீன் அதைப் பார்த்துவிட்டு, கடிக்காமல், வெறுமனே மைல் கணக்கில் பின்தொடரும். வேகம் மாறாதவரை அதற்குச் சந்தேகம் தீராது. படகு திரும்பும்போது ஒரு பக்கத்துத் தகடு தயங்கும், மறுபக்கத்துத் தகடு துள்ளும். அந்த நொடியில்தான் பாய்ந்து கவ்வும். இந்த வித்தையை முப்பது வருஷமாக மீன்கள்மேல் காட்டிய கிளெட்டஸ், இப்போது அதே வேகத்தில், கிழிந்த கால்சட்டையோடு, மெயின் தெருவில் நேராக நடந்து போனார்.

ஊர் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. சின்ன டிரவுட் ஒன்று பள்ளிக்கூடத்து வேலி வழியாகப் போனதைப் பார்த்த கோடை வகுப்பு ஆசிரியை, கணக்குப் பாடத்தை நடுவில் நிறுத்தி, வெயில் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். யாரோ படகில் வாழைப்பழம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேப்டன்கள் ஒருவரையொருவர் சோதனை போட்டார்கள். வாழைப்பழம் ஏறிய படகு உருப்படாது என்பது இங்கே வேதவாக்கு. ஒரு பல் மருத்துவரின் மதிய உணவில் ஒரு பழம் அகப்பட்டது. அவர் அதற்கப்புறம் இந்த ஊருக்கு மீன் பிடிக்க வரவில்லை. மாநில மீன்துறையிலிருந்து வந்த அதிகாரி கிளெட்டஸோடு அரை மைல் கூடவே நடந்து விசாரித்துவிட்டு, மீன்கள் ஏரிக்கு வெளியே இருப்பதால் தமக்கு அதிகாரமில்லை என்றும், சாலையில் இருப்பதால் போலீசைப் பார்க்கும்படியும் சொன்னார். போலீஸ்காரர், மீன்கள் வேக வரம்பை மீறவில்லை என்றார்.

இரண்டு வாரத்துக்கு மேல் கிளெட்டஸ் எங்கும் நிற்கவில்லை. நடந்துகொண்டே சாப்பிட்டார். தூக்கம் படகில், வெர்னா சுக்கானைப் பிடித்து, துறைமுகத்துக்கு வெளியே அகலமாக வட்டம் போடுவாள், மீன்கள் படகுக்குப் பின்னால் வரிசை கலையாமல் வரும். “கிளெட்டஸ், அந்தப் பதக்கத்தையெல்லாம் கழட்டு. அது மினுக்குறதாலதான் வருதுங்க” என்றாள் வெர்னா. “அதெல்லாம் கௌரவம், வெர்னா.” “கௌரவம் கடிச்சு உன் பின்பக்கம் கிழிஞ்சு கெடக்கு.” கடைசியில் கழற்றினார். தொப்பியையும் வைத்துவிட்டு, சாதாரண பனியனோடு ஊரைச் சுற்றி நடந்தார். ஒரு மீன்கூடக் குறையவில்லை. பதக்கத்துக்காக வரவில்லை, தமக்காகத்தான் வருகின்றன என்று தெரிந்ததும் அவருக்குப் பயமாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி குத்திக்கொண்டார்.

இதில் உண்மையான இடி மகள் மார்லாதான். அவள் பிறந்தது ஆகஸ்டில், அப்பா ஏரியில். அவளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்ததும் ஆகஸ்டில், அப்பா ஏரியில். அவர் போகும்போதெல்லாம் அவள் துறைமுகச் சுவரில் நின்று கையசைப்பாள், அவர் பதிலுக்கு அசைப்பார், படகு மட்டும் நிற்காது. தகடுகளை நீரில் விட்டபிறகு படகை நிறுத்தினால் நூலெல்லாம் சிக்கிக்கொள்ளும். இருபத்தாறு வயதில் அவள் தன் கல்யாணத்தை வேண்டுமென்றே ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமைக்கு, போட்டியின் கடைசி நாளுக்கு, வைத்தாள். சர்ச்சில் என்னைக் கைப்பிடித்து மாப்பிள்ளையிடம் கூட்டிப்போவதானால் வாருங்கள், இல்லையென்றால் ஹார்லன் மாமா கூட்டிப்போவார் என்று சொல்லிவிட்டாள். முப்பது வருஷத்துப் போட்டியாளர் தன் மகளைக் கைப்பிடித்துப் போவதா? கிளெட்டஸ் போட்டியை விட்டுவிட்டு வருவதாகச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம்தான் மீன்கள் வந்தன.

போட்டிக் குழு கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. ஹார்லன் அதைச் சர்ச் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தே காட்டினார். கிளெட்டஸ் மணிக்கு இரண்டரை மைலில் நடு வழியாக வருவார். நிற்காமலே மகளின் கையை மாப்பிள்ளை டுவைட்டின் கையில் வைப்பார். பலிபீடத்துக்கு இடப்பக்கமாக அகலமாக வளைந்து, பாதிரியாரின் அறை வழியாகப் பின்கதவில் வெளியேறுவார். அங்கே வெர்னாவின் வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும். முந்தின நாள் ஒத்திகை பார்த்தார்கள். கச்சிதமாக அமைந்தது. கேப்டன்கள் கைதட்டினார்கள். மார்லா தட்டவில்லை.

“இது என்னப்பா, எனக்குக் கல்யாணம் பண்றீங்களா, என்னையும் ஒரு தகடா இழுத்துட்டுப் போறீங்களா?”

கிளெட்டஸ் பலிபீடத்தைச் சுற்றி நடந்தபடியே சொன்னார்: “நின்னா கடிச்சிடும் கண்ணு. நீயே பாத்தேல்ல.”

“டுவைட்டோட அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. அவரே நிக்கிறாரு. நீங்க ஒரே ஒரு தடவ எனக்காக நில்லுங்க. பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, ஹார்லன் மாமாவுக்குக் கோட்டு அளவு எடுக்கணும்.”

“அளவு என்ன அளவு, உங்கப்பன் கோட்டே எனக்குப் போதும்” என்று ஹார்லன் சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிளெட்டஸ் இடப்பக்கமாக வளைந்தார். பின்கதவு வழியாக, வரைந்த கோட்டின்மேலேயே, வெளியே போனார்.

சனிக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. ஊர்க் கேப்டன்கள் எல்லோரும் போட்டியை வெளியூர்க்காரர்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மில்வாக்கியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவரவர், மற்றவர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். கதவு திறந்தது. சரிகைத் தொப்பியும் பதக்கங்களுமாகக் கிளெட்டஸ், அவர் கையில் மார்லா, பின்னால் தரையில் புரளும் அவளுடைய வெள்ளை முக்காடு, அதற்கும் பின்னால், முக்காட்டின் ஓரத்தை மிதிக்காத தோழிப் பெண்களைப் போல, பதின்மூன்று மீன்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி சத்தமில்லாமல் மயங்கிப் பக்கத்துக்காரர் மடியில் சாய்ந்தாள். ஆர்கன் வாசித்த அம்மாள் மீன்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டிவிட, மணமக்களுக்கான அந்தப் பாட்டு போல்கா ஆட்டத்துக்கு வாசிப்பதுபோல் ஓடியது. கிளெட்டஸ் கூட்டவில்லை. அதே இரண்டரை மைல். முன் வரிசையில் இருந்த ஹார்லன், துறைமுகத்தில் படகுக்குச் சைகை காட்டுவதுபோல், இடப்பக்கம், இடப்பக்கம் என்று கையை வீசினார். பின்கதவு திறந்திருந்தது. வெளியே வண்டியின் உறுமல் கேட்டது.

கிளெட்டஸ் லாம்பரூர் நின்றார்.

நின்றதுமட்டுமில்லை, இரண்டு காலையும் சேர்த்துவைத்து நிமிர்ந்து நின்றார். மகளின் கையை எடுத்து டுவைட்டின் கையில் வைத்தார். முக்காட்டை விலக்கி அவள் நெற்றியில் முத்தமிட்டார். அவசரப்படாமல், முழுசாக. “நிக்கிறேன் பாரும்மா” என்றார். அதற்குள் பெரிய கிங் சால்மன் வந்து அவர் கோட்டின் முதுகைக் கவ்வியிருந்தது.

பிறகு நடந்ததற்கு அந்த ஊர் இன்றுவரை கொஞ்சம் வெட்கப்படுகிறது. மற்றப் பத்தொன்பது கேப்டன்களும் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து, பழக்கதோஷத்தில், ஒரே குரலில் “மாட்டிக்கிச்சு!” என்று கத்தினார்கள். மீனுக்கு ஓர் இடமாக அவரைக் கவ்வின: கைமடிப்பு, காலர், பூட்ஸ், பதக்கம் பதக்கமாக. அவர் மல்லாந்து, வந்த வழியே சறுக்கிக்கொண்டு போனார். “இழுக்காத, இழுக்காத, ஓட விடு!” என்று ஒருவர் மீனுக்கு யோசனை சொன்னார். “தலையத் தூக்கு, தலையத் தூக்கு!” என்றார் இன்னொருவர். ஹார்லன் வலையை எடுத்துவர ஓடினார். வலை யாருக்கு என்று பிற்பாடு கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. சர்ச் படிகளில் கிளெட்டஸ் தடதடவென இறங்கினார். மேட்டுத் தெருவில் இறங்கினார். போட்டியின் கடைசி நாளாதலால் எடைமேடை அருகே கூடியிருந்த வெளியூர்க் கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. ஒருவர் அவசரத்தில் அவரைப் படம் பிடித்தார், மற்றொருவர் அவர் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தார். துறைமுகச் சுவரின் நுனியில் மீன்கள் நீரில் இறங்கின, அவரும் இறங்கினார். உள்ளே, சர்ச்சில், மூன்று மணிக்கு ஒரு ஞானஸ்நானம் இருந்ததால், பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பூசையைத் தொடர்ந்தார். மார்லா “சம்மதம்” என்று சொன்னபோது குரல் உடைந்திருந்தது. பயத்தாலா, வேறெதாலா என்று டுவைட்டுக்கு இன்னும் தெரியாது.

ஏரியில் அவரை மீன்கள் நெடுநேரம் இழுத்துக்கொண்டு சுற்றின. பின்னாலேயே போன படகுகளால் எட்ட முடியவில்லை என்று சொல்வார்கள். ஆனால் வேகத்தைக் கூட்ட எந்தக் கேப்டனுக்கும் கை வரவில்லை என்பதுதான் நிஜம். பிறகு ஒவ்வொன்றாக விட்டன. கிங் சால்மன் கடைசியாக ஒருமுறை அவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆழத்துக்குப் போயிற்று.

விருந்து மண்டபத்தில் பெரிய அண்டாவில் கோழியும் மாட்டிறைச்சியும் கிழங்கும் சேர்த்துக் கொதித்த பூயா பாதி தீர்ந்திருந்தபோது கிளெட்டஸ் வந்தார். தொப்பி இல்லை, பதக்கம் ஒன்றுகூட இல்லை, கோட்டு முழுக்கப் பல்லுத்தடம். பின்னால் எதுவும் வரவில்லை. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. எதற்காக அவரை விட்டுவிட்டன என்று கேட்க எல்லோருக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஹார்லன்தான் பீர் குவளையைத் தூக்கி, “அளவு பத்தலன்னு விட்டுட்டுதுங்க” என்றார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. அளவுக்குக் குறைந்ததைத் திருப்பி நீரில் விடவேண்டும் என்பது சட்டம், மீனும் சட்டத்தை மதித்திருக்கிறது, அவ்வளவுதான். வெர்னா ஒரு துண்டைத் தூக்கிப் போட்டாள்.

மார்லா வந்து கையைப் பிடித்து அவரை நடுவில் இழுத்தாள். “ஆடத் தெரியாதும்மா” என்றார். “யாரு ஆடச் சொன்னா? நில்லுங்க” என்றாள். போல்கா தொடங்கியது. அவர் நின்றார், அவள் அவரைச் சுற்றி ஆடினாள். பாட்டு முடியும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் கோட்டிலிருந்து சொட்டிய ஏரித் தண்ணீரால் தரை வழுக்கியது. மற்ற ஜோடிகள் அந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு ஆடினார்கள்.